குறிபார்த்து உந்தினால் விலகிப் போகும்: ஜெமினி 4 முதல் ஜெமினி 6 வரை

1965 ஜூன் 3 அன்று கேப் கென்னடியின் 19ஆம் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய டைட்டன் 2 ராக்கெட், ஜேம்ஸ் மெக்டிவிட்டையும் எட் ஒயிட்டையும் நாசாவின் ஜெமினி 4 கலத்தோடு சுற்றுப்பாதையில் கொண்டுபோய் விட்டது. அந்தப் பயணம் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒயிட்டின் விண்நடைதான். தங்க நிறக் குழாயின் முனையில் அவர் மிதக்கும் படம் பாடப்புத்தகம் வரை வந்துவிட்டது. அதே நாளில், விண்நடைக்குக் கொஞ்சம் முன்னால், மெக்டிவிட் ஒரு காரியத்தில் கைவைத்துத் தோற்றார். அதற்குப் படம் இல்லை, அதனால் புகழும் இல்லை. எனக்கோ அந்தத் தோல்விதான் அன்றைய நாளின் பெரிய செய்தியாகப் படுகிறது.

அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை கேட்பதற்கு எளிது. கலத்தை மேலே கொண்டுவந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு, எரிந்து முடிந்த வெற்று உருளையாகப் பக்கத்திலேயே மிதந்துகொண்டிருக்கும். அதை நெருங்கி, கூடவே பறக்க வேண்டும். சுமார் 3 மீட்டர் விட்டமுள்ள உருளை, இருட்டிலும் தெரிவதற்காக மினுக்கு விளக்குகள் பொருத்தப்பட்டது. பிரிந்தபோது இரண்டுக்கும் நடுவில் சில பத்து மீட்டர் இடைவெளிதான். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியை எதிர் வாசலுக்கு ஓட்டுகிற மாதிரி.

மெக்டிவிட் கலத்தைத் திருப்பினார். உருளையைக் கண்டார். அதை நோக்கி மூக்கை நீட்டி உந்துபொறிகளை இயக்கினார். சற்று நேரத்தில் பார்த்தால் நெருங்கவில்லை, விலகியிருந்தது. மறுபடி குறிபார்த்து உந்தினார், மறுபடி அதே கதை. தூரம் எவ்வளவு என்பதிலேயே இருவருக்கும் ஒத்துப்போகவில்லை: மெக்டிவிட் 120 மீட்டர் என்று மதிப்பிட்டபோது ஒயிட் 75 என்றார். இரவுப் பக்கம் நெருங்கியபோது மினுக்கு விளக்குகள் தென்பட்டன, ஆனால் இடைவெளி நூற்றுக்கணக்கான மீட்டர்களாக நீண்டுவிட்டிருந்தது. கலத்தை நகர்த்துவதற்கான எரிபொருளில் கிட்டத்தட்ட பாதி காலி. நான்கு நாள் பயணத்தின் முதல் சில மணி நேரத்திலேயே இந்த நிலை. விண்நடை முக்கியமா, இந்தத் துரத்தல் முக்கியமா என்ற கேள்வி எழுந்தது. தரைக் கட்டுப்பாடு துரத்தலைக் கைவிடச் சொன்னது.

மெக்டிவிட் கத்துக்குட்டி விமானி அல்ல. கொரியப் போரில் பறந்தவர், சோதனை விமானி. வானத்தில் இன்னொரு விமானத்தின் இறக்கையை ஒட்டிப் பறப்பது அவருக்குக் கைவந்த கலை. அன்று அவருக்கு இடைஞ்சலாக இருந்ததும் அந்தக் கைப்பழக்கமே.

முந்த வேண்டுமா, பிரேக் போடு

சுற்றுப்பாதையில் வேகமும் உயரமும் தனித்தனி விஷயங்கள் அல்ல. முன்னோக்கி உந்தினால் கலத்தின் ஆற்றல் கூடி பாதை உயர்கிறது. உயர்ந்த பாதை நீளமானது, அதில் ஓட்டமும் மெதுவானது. ஆகவே, முன்னால் போகிறவனைப் பிடிக்க வேகம் கூட்டினால் நாம் மேலே ஏறிப் பின்தங்குவோம். வேகத்தைக் குறைத்தால் கீழே இறங்கி முந்துவோம். டவுன் பஸ்ஸைத் துரத்தி ஓடி ஏறிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சமும் ஒட்டாது.

காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 300 கி.மீ. உயரத்தில் வட்டப்பாதை என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சுமார் 90 நிமிடம். இலக்கு நமக்கு நேர் முன்னால் 400 மீட்டரில் இருக்கிறது. அதை நோக்கி நொடிக்கு 1 மீட்டர் வேகம் கூட்டுகிறோம். நம் கைக்கணக்குப்படி 400 நொடியில் போய்ச் சேர வேண்டும். உண்மையில் 400ஆவது நொடியில் நாம் இலக்குக்கு 180 மீட்டர் மேலே இருப்போம், முன்பக்கமாகவும் இன்னும் 60 மீட்டர் பாக்கி இருக்கும். பத்தாவது நிமிடத்தில் முன்னேற்றம் அடியோடு நின்றுவிடும், அப்போது உயரம் 430 மீட்டர் கூடியிருக்கும். பிறகு பின்னோக்கிச் சறுக்கல். பதினெட்டாவது நிமிடத்தில், கிளம்பிய இடத்துக்கே நேர் மேலே, ஏறத்தாழ 1.2 கி.மீ. உயரத்தில் நிற்போம். ஒரு முழுச் சுற்று முடியும்போது உயர வித்தியாசம் மறைந்திருக்கும், ஆனால் இருந்த இடத்திலிருந்து 16 கி.மீ. பின்னால் போயிருப்போம். இத்தனையும் ஒரு மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவான ஓர் உந்தலால்.

ஜெமினி 4இன் பாதை வட்டமல்ல, கிட்டத்தட்ட 162க்கு 282 கி.மீ. என்ற நீள்வட்டம். எண்கள் அங்கே மாறும், ஆனால் போக்கு இதுதான். இதில் கவனிக்க வேண்டியது முதல் இரண்டு மூன்று நிமிடங்களை. அந்தச் சிறு பொழுதில் கலம் நம் பழக்கத்துக்கு ஏற்றபடியே நடக்கும், குறிபார்த்த இடத்தை நோக்கித்தான் நகரும். விமானி நம்பிவிடுவார். பிறகு விலகத் தொடங்கும்போது "உந்தல் போதவில்லை" என்று இன்னொரு தடவை உந்துவார். கணக்கு இன்னும் கெடும், எரிபொருள் கரையும். வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுகிற மாதிரியான நிலைமை.

இது யாருக்கும் தெரியாமல் இருந்ததா? இல்லை, அதுதான் விசித்திரம். நிலவின் ஓட்டத்தை ஆராய்ந்த ஜார்ஜ் ஹில் 1878லேயே இதற்கு அடிப்படையான சமன்பாடுகளை எழுதிவிட்டார். செயற்கைக்கோள்களுக்காக க்ளோஹெஸ்ஸி, வில்ட்ஷையர் என்ற இரு பொறியாளர்கள் 1960ல் அவற்றைக் கையாள எளிதாக்கித் தந்தார்கள். மேலே நான் போட்ட கணக்கு அவர்களுடையதுதான். 1963ல் பஸ் ஆல்ட்ரின் எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம் வாங்கியதே விண்ணில் மனிதர் ஓட்டும் சந்திப்புக்கான வழிமுறைகளை ஆராய்ந்துதான். சமன்பாடு நூலகத்தில் இருந்தது, உந்துபொறியின் பிடி விமானியின் கையில் இருந்தது. நடுவில் இருக்க வேண்டிய பாலம்தான் கட்டப்படவில்லை. ஜெமினி திட்ட அலுவலகத்தில் இருந்த ஆந்த்ரே மேயர் பிற்காலத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒப்புக்கொண்டார்: விண்வெளி வீரர்கள் மட்டுமல்ல, ஹூஸ்டன் மையத்தில் இருந்த எல்லோருமே அப்போது சுற்றுப்பாதை இயக்கத்தை உட்கார்ந்து யோசித்துப் பார்க்கவில்லை, அந்தத் தோல்விக்குப் பிறகுதான் புத்தி வந்தது என்று.

வேறு காரணங்களும் இருந்தன. ஜெமினி 4இல் ராடார் கிடையாது. உருளை சும்மா மிதக்கவில்லை, மிச்ச எரிபொருளைக் கக்கிக்கொண்டே உருண்டது, அந்தக் கக்கலே அதை அங்குமிங்கும் தள்ளியது. பின்னணியில் மரமோ மேகமோ இல்லாத வெறும் கறுப்பில் தூரத்தைக் கண்ணால் அளப்பதும் ஆகாத காரியம், 120க்கும் 75க்கும் வந்த வித்தியாசமே அதற்குச் சாட்சி. ஆனாலும் ராடார் இருந்திருந்தால் மெக்டிவிட் வென்றிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. தான் விலகிப் போவதை இன்னும் துல்லியமான எண்களில் பார்த்திருப்பார், அவ்வளவுதான்.

ஏன் இவ்வளவு பதற்றம்

1962 ஜூலையில் நாசா ஒரு முடிவை அறிவித்திருந்தது: நிலவுக்குப் பெரிய கலம் ஒன்று போகும், அதிலிருந்து சிறிய கலம் மட்டும் தரையிறங்கித் திரும்பும், இரண்டும் நிலவின் சுற்றுப்பாதையில் சந்திக்கும். ஜான் ஹூபோல்ட் என்ற பொறியாளர் மேலதிகாரிகளைத் தாண்டியும் கடிதம் எழுதிப் போராடி ஏற்க வைத்த திட்டம் இது. எடை மிச்சம், ஒரே ராக்கெட் போதும். ஆனால் நிலவின் அருகே சந்திப்பு தவறினால் இரண்டு பேர் அங்கேயே சுற்றிச் சாக வேண்டியதுதான். அப்படிப்பட்ட வேலையை, பூமிக்கு மேலே, கண்ணுக்கு எதிரே இருந்த உருளையோடு செய்ய முடியவில்லை.

சோவியத்துகள் இதை ஏற்கெனவே செய்துவிட்டார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதியதுண்டு. 1962 ஆகஸ்டில் வஸ்தோக் 3, வஸ்தோக் 4 இரண்டும் சுமார் 6.5 கி.மீ. அருகில் வந்தன. அது ஏவிய நேரத்தின் துல்லியம், நிச்சயம் பாராட்ட வேண்டியது. ஆனால் அந்தக் கலங்களால் பாதையை மாற்றவே முடியாது. எதிரெதிர் தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் கடந்து போனதை யாரும் சந்திப்பு என்று சொல்வதில்லை. சார்பு வேகம் பூஜ்யமாகி இரண்டும் ஒன்றாக நின்றால்தான் கணக்கு.

அடுத்து ஆகஸ்டில் ஜெமினி 5. அது வெளியே விட்ட சிறு ராடார் இலக்கைத் துரத்த வேண்டிய கூப்பரும் கான்ராடும், எரிபொருள் மின்கலத்தில் அழுத்தம் விழுந்ததால் அதை விட்டுவிட்டார்கள். பதிலுக்கு, வானில் இல்லாத ஒரு கற்பனை இலக்கை வைத்து, தரை சொன்னபடி நான்கு உந்தல்கள் கொடுத்து அந்த இடத்துக்குத் துல்லியமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு வழி கண்டுபிடித்த மாதிரிதான். ஆனால் தரைக் கணினியின் கணக்கைக் கலம் சொன்னபடி கேட்கும் என்பது அன்று உறுதியானது.

28 கி.மீ., 27 பாகை

ஜெமினி 6க்கு எந்த வழியில் இலக்கை அணுகுவது என்று மூன்று திட்டங்கள் பரிசீலனையில் இருந்தன. தேர்ந்தெடுக்கப்பட்டதை இப்படிச் சொல்லலாம்: முதலில் இலக்கின் பாதைக்குக் கீழே, எங்கும் ஒரே இடைவெளி இருக்கும்படி இன்னொரு பாதையில் கலத்தை நிறுத்து. இடைவெளி 15 கடல் மைல், அதாவது சுமார் 28 கி.மீ. கீழே இருப்பதால் கலம் தானாகவே முந்தும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 260 கி.மீ. வீதம் இலக்கை நெருங்கும். எரிபொருள் செலவில்லை, அவசரமில்லை. விமானி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். இலக்கு தொடுவானத்திலிருந்து மெல்ல மெல்ல உயரும்.

அது கிடைமட்டத்திலிருந்து 27 பாகை உயரம் வந்ததும் கடைசிக் கட்டம் தொடங்கும். அப்போது தூரம் சுமார் 60 கி.மீ. ஏன் சரியாக 27? இந்த நிகழ்விலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 28 கி.மீ. கீழே இருக்கும் கலத்திலிருந்து இலக்கு அந்தக் கோணத்தில் தெரியும்போது, அதைச் சந்திக்கத் தேவையான உந்தலின் திசையும் இலக்கு தெரியும் திசையும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. அதாவது, கலத்தின் மூக்கை இலக்குக்கு நேரே நீட்டி உந்தினால் போதும். மெக்டிவிட் செய்ததையேதான் செய்ய வேண்டும்!

அவருடைய கை தவறு செய்யவில்லை, நின்ற இடம் தவறு. விமானிகளுக்குப் புதிய கைப்பழக்கம் கற்றுத்தரப் போராடுவதற்குப் பதிலாக, பழைய கைப்பழக்கமே பலிக்கும் ஓர் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே கலத்தைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே உதவியது, சமைக்கத் தெரிந்தவர்கள் கையில் கிடைத்ததால்.

மிச்சப் பயணமும் அதே போக்கில் அமைக்கப்பட்டது. உந்திய பிறகு இலக்கு 130 பாகை நகர்வதற்குள், அதாவது அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பொழுதில், சந்திப்பு நடக்கும். அந்தப் பாதையின் பின்பகுதியில் பின்னணி நட்சத்திரங்களுக்கு நடுவே இலக்கு அசையாமல் நிற்பது போலத் தெரியும். அசைந்தால் பாதை பிசகியிருக்கிறது என்று பொருள், அசைவை நிறுத்தும் அளவுக்குப் பக்கவாட்டில் உந்தினால் சரியாகிவிடும். ராடாரும் கணினியும் செத்துப் போனாலும் நட்சத்திரம் இருக்கும். இதற்காக நேரத்தையும் வெளிச்சத்தையும் சேர்த்தே கணக்கிட்டார்கள்: இலக்கு முதலில் வெயிலில் மின்னித் தெரிய வேண்டும், நடுப்பகுதி நட்சத்திரம் தெரியும் இருளில் போக வேண்டும், கடைசியில் வேகத்தைக் குறைக்கும் நேரத்துக்கு விடிய வேண்டும். முகூர்த்தம் குறிப்பவர்கள்கூட இவ்வளவு பார்ப்பார்களா தெரியாது.

இலக்கே வெடித்தது

1965 அக்டோபர் 25 அன்று வால்ட்டர் ஷிராவும் டாம் ஸ்டாஃபோர்டும் ஜெமினி 6இல் கட்டிப்போட்டபடி காத்திருக்க, பக்கத்துத் தளத்திலிருந்து அவர்களுடைய இலக்கான அஜீனா என்ற ஆளில்லாக் கலம் கிளம்பியது. சில நிமிடங்களில் அதன் எஞ்சின் பற்றும் நேரத்தில் வெடித்துச் சிதறியது. துரத்த ஒன்றுமில்லாமல் இருவரும் இறங்கி வந்தார்கள்.

ஜெமினி கலங்களைக் கட்டிய மெக்டானல் நிறுவனத்தின் வால்ட்டர் பர்க், ஜான் யார்ட்லி இருவரும் அன்றே ஒரு யோசனை பேசினார்கள். அடுத்துப் போகவிருக்கும் ஜெமினி 7ஐயே இலக்காக்கினால் என்ன? ஜெமினி 7 எப்படியும் 14 நாள் மேலே இருக்கப் போகிறது. சிக்கல் ஒன்றுதான்: டைட்டனை ஏவ இருந்தது ஒரே தளம். ஒரு ராக்கெட் எரித்துவிட்டுப் போன இடத்தில், முந்தையவர்கள் திரும்புவதற்குள் இன்னொன்றை நிறுத்தி ஏவ வேண்டும். முதலில் சிரித்தவர்கள்கூட சில நாட்களில் ஒப்புக்கொண்டார்கள்.

டிசம்பர் 4ல் ஃபிராங்க் போர்மனும் ஜிம் லவலும் ஜெமினி 7இல் கிளம்பினார்கள். எட்டே நாளில், டிசம்பர் 12ல், அதே தளத்தில் ஜெமினி 6 தயார். எஞ்சின் பற்றியது, ஒன்றரை நொடிக்குள் அணைந்தது. கலத்துக்குள் இருந்த கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது, அதாவது ராக்கெட் தளத்தை விட்டுக் கிளம்பிவிட்டதாகக் கருவி சொல்கிறது. கிளம்பிய ராக்கெட்டில் எஞ்சின் நின்றால் கீழே விழுந்து வெடிக்கும். விதிப்படி ஷிரா இருக்கைகளை வெளியே எறியும் வளையத்தை இழுத்திருக்க வேண்டும். அவர் இழுக்கவில்லை. ராக்கெட் கிளம்பினால் முதுகில் ஓர் அழுத்தம் தெரியும், அது தெரியவில்லை என்பதே அவர் நம்பிய ஒரே சாட்சி. அடிப்பக்க மின்செருகி ஒன்று முன்னதாகவே கழன்று விழுந்ததுதான் கடிகாரத்தை ஓட்டிவிட்டது என்று பின்னால் தெரிந்தது. தேடிப் பார்த்ததில் இன்னொரு பழுதும் சிக்கியது: எஞ்சினுக்குள் தொழிற்சாலையில் மாட்டிய சிறிய பிளாஸ்டிக் தூசி மூடி ஒன்றை எடுக்க மறந்திருந்தார்கள். செருகி கழலாமல் இருந்திருந்தாலும் ராக்கெட் அன்று போயிருக்காது.

உடலின் உணர்வு பொய் சொல்லும் என்பது ஜூன் மாதத்துப் பாடம், கருவி பொய் சொல்லும் என்பது டிசம்பர் மாதத்துப் பாடம். ஷிரா வளையத்தை இழுத்திருந்தால் கலம் பாழாகி, இந்தச் சந்திப்பே நடந்திருக்காது.

டிசம்பர் 15

காலை 8.37க்கு மூன்றாவது முயற்சி பலித்தது. ஜெமினி 6 பாதையில் சேர்ந்தபோது ஜெமினி 7 கிட்டத்தட்ட 1,900 கி.மீ. முன்னால், 300 கி.மீ. உயரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. முதல் மூன்று மணி நேரம் தரையின் ராஜ்யம்: ஹூஸ்டன் கணினிகள் எண்ணைச் சொல்ல, ஷிரா அந்த நொடியில் அந்தத் திசையில் அந்த அளவு உந்தினார். சுமார் 400 கி.மீ. தூரத்தில் ராடார் இலக்கைப் பிடித்தது. அடுத்த உந்தலில் கலம் திட்டமிட்ட கீழ்ப்பாதையில் அமர்ந்தது.

கிளம்பி ஐந்து மணி நேரம் கடந்ததும் ஷிரா ஜன்னலில் பிரகாசமான ஒரு நட்சத்திரத்தைக் கண்டார். சிரியஸாகத்தான் இருக்கும் என்றார். அது ஜெமினி 7, வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பூமியின் நிழலுக்குள் போய் மறைந்தது, பிறகு அதன் விளக்குகள் தெரிந்தன. கோணம் வந்தது. மூக்கை நீட்டி உந்தினார். பிற்பகல் 2.33க்கு இரண்டு கலங்களுக்கும் நடுவில் 40 மீட்டர் இடைவெளி, சார்பு வேகம் பூஜ்யம். இரண்டும் நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பறந்துகொண்டிருந்தன, ஆனால் ஒன்றையொன்று பார்த்தால் அசைவே இல்லை.

எரிபொருள் தாராளமாக மிச்சமிருந்தது. அடுத்த மூன்று சுற்றுக்கும் மேலாக ஷிராவும் ஸ்டாஃபோர்டும் மாறி மாறி ஓட்டி, ஜெமினி 7ஐச் சுற்றிச் சுற்றி வந்தார்கள், ஒரு கட்டத்தில் 30 செ.மீ. வரை நெருங்கினார்கள். அவ்வளவு அருகில் சுற்றுப்பாதையின் கோணல் சேட்டைகள் தலைகாட்டுவதற்குள் அடுத்த சிறு உந்தலில் திருத்திவிடலாம், விமானத்தை ஓட்டுவது போலவே ஓட்டலாம். ராணுவக் கல்லூரியில் படித்த போர்மனைச் சீண்ட, "ராணுவத்தைத் தோற்கடி" என்ற அட்டையை ஜன்னலில் காட்டினார்கள். மற்ற மூவரும் கடற்படைக் கல்லூரிக்காரர்கள்.

இதற்குப் பிறகும் எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. 1966 மார்ச்சில் ஜெமினி 8இல் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஸ்காட்டும் அஜீனாவோடு முதன்முதலாக இணைந்து, அரை மணி நேரத்துக்குள் ஓர் உந்துபொறி சிக்கிக்கொண்டதால் நொடிக்கு ஏறத்தாழ ஒரு சுற்று வீதம் சுழன்று, உயிர் தப்பி அவசரமாக இறங்கினார்கள். அது வேறு கதை, சந்திப்பில் பிழையில்லை. நம் ஊர் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் 2025 ஜனவரி 16 அன்று இணைவதற்கு முன் 3 மீட்டர் வரை வந்துவிட்டுப் பின்வாங்கியபோது "இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்" என்று கேட்டவர்கள் உண்டு. மெக்டிவிட்டைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நட்சத்திரம் போதும் என்று வகுத்த முறைக்குச் சோதனை 1966 நவம்பரில் வந்தது. ஜெமினி 12இல் இலக்கை நெருங்கும் வழியில் ராடார் செயலிழந்தது. உள்ளே லவலின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் ஆல்ட்ரின். கோணமானியையும் தயாராக வைத்திருந்த அட்டவணைகளையும் எடுத்து, கையால் கணக்குப் போட்டு, உந்தல் அளவுகளைச் சொன்னார். கலம் போய்ச் சேர்ந்து இணைந்தது.

1969 ஜூலை 21 அன்று அதே ஆல்ட்ரின், ஆர்ம்ஸ்ட்ராங்கோடு ஈகிள் கலத்தில் நிலவிலிருந்து மேலே ஏறினார். நிலவைச் சுற்றிக்கொண்டிருந்த தாய்க்கலம் கொலம்பியாவின் பாதைக்குக் கீழே அவர்கள் முதலில் அமர்ந்த இடைவெளியும் 15 கடல் மைல்தான். கொலம்பியாவில் தனியாக இருந்த மைக்கேல் காலின்ஸ், ஈகிள் ஏதாவது தவறான பாதையில் சிக்கினால் தான் இறங்கிப் போய்ப் பிடிப்பதற்காக, 18 விதமான மாற்றுச் சந்திப்புகளை எழுதிய குறிப்பேடு ஒன்றை வைத்துக்கொண்டு காத்திருந்தார். அதைப் பிரிக்க வேண்டி வரவில்லை.